காரைக்காலும் கனல் மலையும்

காரைக்கால் மலை காணாத ஊர். காவிரியின் கிளையாகிய அரசலாறு கடலோடு கலக்கும் இடத்தில், வண்டல் படிந்து வண்டல் படிந்து உருவான சமவெளி அது. கோயிற் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் அன்றி, அண்ணாந்து நோக்கத்தக்க உயரம் வேறொன்றும் அங்கு இல்லை. அங்குப் பிறந்து வளரும் பிள்ளைகள் மலையைப் பாடநூற் படத்திலேதான் முதலிற் காண்கின்றனர்.

ஆயினும், மலையேறியவர் வரலாற்றில் காரைக்காலுக்கு ஒரு தனியிடம் உண்டு. புனிதவதி என்னும் இயற்பெயர் கொண்ட காரைக்கால் அம்மையார் கயிலை மலையை அடைந்தபோது, அம்மலையைக் காலால் மிதித்தற்கு அஞ்சித் தலையால் நடந்து ஏறினார் என்று பெரிய புராணம் கூறுகின்றது. ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழாக் காணும் நம் ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த கதை இது.

அது பக்தி அழைத்துச் சென்ற பயணம். இன்று நான் கூறப்புகுவது பசி அழைத்துச் சென்ற மற்றொரு பயணம். அம்மையார் பிறந்த அதே ஊரின் கடற்கரையிலிருந்து, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், ஆயிரக்கணக்கான தமிழர் கப்பலேறினர். அவர்கள் சென்று இறங்கிய தீவுகள் மூன்று. இந்துமாக் கடலில் ரெயூனியன். அமெரிக்கக் கண்டத்தை அடுத்த கரீபியக் கடலில் மார்த்தினிக்கும் குவாதலூப்பும். இம்மூன்றும் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டவை. மூன்றிலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. இவ்விரண்டு ஒற்றுமைகளையும் பலர் அறிவர். மூன்றாவது ஒற்றுமை ஒன்று உண்டு. மூன்று தீவுகளிலும் உயிருள்ள எரிமலை இருக்கின்றது. மலையே காணாத மக்கள், நெருப்பு உமிழும் மலையின் அடிவாரத்தில் குடியேறினர்.

முதலில் ரெயூனியன் தீவை நோக்குவோம். இதன் பழம் பெயர் பூர்போன். பரப்பு ஏறத்தாழ 2,512 சதுரக் கிலோமீட்டர். கடலின் அடித்தளத்திலிருந்து எரிமலைக் குழம்பு பொங்கிப் பொங்கி, அடுக்கடுக்காக உறைந்து உயர்ந்த தீவு இது. இதில் இரண்டு பெருமலைகள் உள்ளன. ஒன்று பித்தோன் தெ நேழ். ‘பனிச் சிகரம்’ என்பது பொருள். 3,070 மீட்டர் உயரமுடைய அம்மலை இன்று அடங்கிவிட்டது. மற்றொன்று பித்தோன் தெ லா பூர்னேஸ். ‘உலைச் சிகரம்’ என்று நாம் தமிழாக்கலாம். உயரம் 2,632 மீட்டர். உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளுள் இதுவும் ஒன்று.

இம்மலைக்கும் இந்திய நாட்டுக்கும் மனிதர் தோன்றுவதற்கு மிக முன்னரே ஓர் உறவு இருந்தது என்றால் நீங்கள் வியப்படையலாம். இன்று ரெயூனியன் தீவை வளர்க்கின்ற நிலத்தடி வெப்ப ஊற்றின் மேல், ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலப்பகுதி இருந்தது என்பது நிலவியலறிஞர் கொள்கை. மேற்கிந்தியாவில் மராட்டிய நாட்டை மூடியிருக்கும் தக்காணக் கருங்கற் படிவங்கள் அவ்வூற்றின் குழம்பால் ஆனவை. பின்னர் இந்திய நிலம் வடக்கு நோக்கி நகர்ந்தது. ஊற்று இருந்த இடத்தில், தையற்காரன் ஊசி துணியில் விட்டுச் செல்லும் தையல் போல, இலட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், மொரீசியசு என்று ஒரு வரிசை பிறந்தது. அவ்வரிசையின் கடைக்கோடியில் இன்று நிற்பது ரெயூனியன். எனவே, காரைக்காலிலிருந்து சென்ற தமிழர், தாம் அறியாமலே, தம் நாட்டை ஒரு காலத்தில் சுட்ட நெருப்பின் அருகே சென்று குடியேறினர் எனலாம்.

இனி, மனத்தால் அம்மலையில் ஏறிப் பார்ப்போம். மலையேறச் செல்வோர் விடியுமுன் புறப்பட வேண்டும். முற்பகல் கழிவதற்குள் முகில் திரண்டு வழியை மறைத்துவிடும். காடும் மேய்ச்சல் நிலமும் கடந்து சாலை உயர உயரச் செல்கின்றது. திடீரெனப் பசுமை முடிகின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் செம்மையும் கருமையும் கலந்த கற்பொடி பரந்த வெளி தோன்றுகின்றது. ‘மணல் வெளி’ என்பது அதன் பெயர். புல் பூண்டு அரிது. வேறொரு கோளில் இறங்கினாற் போன்ற உணர்ச்சி அங்குச் செல்வோர்க்கு உண்டாகின்றது.

அவ்வெளியின் முடிவில் ஒரு செங்குத்தான பாறை விளிம்பு. கீழே, ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு மாபெரும் பள்ளம். அதன் நடுவே எரிமலையின் கூம்பு. பள்ளத்தின் கீழ்ப்புறம் கடலை நோக்கித் திறந்து கிடக்கின்றது. குழம்பு பொங்கும்போது பெரும்பாலும் இப்பள்ளத்துக்குள்ளேயே ஓடிக் கடலை நோக்கி இறங்கும். ஆதலால் அக்கீழ்ச் சரிவுக்குப் ‘பெரும் எரிநிலம்’ என்று பெயர்.

நாம் நிற்கும் விளிம்பின் பெயர் பெல்கோம்ப் கணவாய். இப்பெயரைக் கேட்டதும் பிரெஞ்சிந்திய வரலாறு பயின்றோர் சற்றே நிமிர்ந்து அமர்வர். கியோம் லெயோனார் தெ பெல்கோம்ப் 1767 முதல் 1773 வரை பூர்போன் தீவின் ஆளுநர். அவரே 1777இல் புதுச்சேரிக்கு ஆளுநராக வந்தவர். 1739இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்ற காரைக்காலும் அவர் ஆட்சி எல்லைக்குள் அடங்கியிருந்தது. 1778இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது இரு மாதங்களுக்கு மேல் எதிர்த்து நின்று, இறுதியில் அக்டோபர்த் திங்களில் நகரை ஒப்படைத்தவரும் அவரே. சோழமண்டலக் கரையை ஆண்ட ஒருவரின் பெயர், அவர் இங்கு வருவதற்கு முன்னரே, நெடுந்தொலைவில் ஓர் எரிமலை விளிம்பில் பொறிக்கப்பட்டுவிட்டது.

1768ஆம் ஆண்டில் பெல்கோம்ப்பும், தீவின் நிருவாகத் தலைவராகிய கிரெமோன் என்பவரும் ஒரு கூட்டத்துடன் மலையைக் காண வந்தனர். இவ்விளிம்பை அடைந்ததும் கீழே இறங்க வழியில்லாமல் திகைத்தனர். அப்போது இறங்கும் வழியைத் தேடிக் கண்டவர் ஜாக்கோப் என்னும் அடிமை என்று அத்தீவினர் கூறுவர். வழி கண்டவர் அவர். கணவாய்க்கு வாய்த்ததோ ஆளுநரின் பெயர். இரு நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்நிலையே நீடித்தது. அண்மைக் காலத்திற்றான் ‘பெல்கோம்ப்–ஜாக்கோப் கணவாய்’ என்று அவ்வடிமையின் பெயரையும் சேர்த்து வழங்கத் தொடங்கியுள்ளனர். மாணவர்களே, இச்செய்தியை நெஞ்சில் இருத்துங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

விளிம்பிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் வழியே பள்ளத்தில் இறங்குகின்றோம். சிறிது தொலைவில் செந்நிறச் சிறு கூம்பு ஒன்று உண்டு. அதன் பெயர் போர்மிக்கா லியோ. இலத்தீன் மொழியில் இது நம் ஊர்க் குழியானைப் பூச்சியின் பெயர். மணலில் புனல் வடிவாகக் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் அப்பூச்சியைச் சிறு வயதில் துரும்பால் சீண்டி விளையாடாதவர் நம்மில் யார்? அக்குழியை ஒத்த வாயை உடையது அக்கூம்பு. அப்பால் உறைந்த குழம்பின் மீது நடக்க வேண்டும். சில இடங்களில் அது முறுக்கிய கயிறு போலச் சுருண்டு கிடக்கும். சில இடங்களில் காலைக் கிழிக்கும் கூர்ங்கற் குவியலாக இருக்கும். பாறைகளில் இடப்பட்ட வெள்ளைப் புள்ளிகளே வழிகாட்டி. முகில் சூழ்ந்தால் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளியைக் காண்பதும் அரிதாகும்.

இப்படி நடந்து உச்சியை அடைந்தால் தோலோமியூ என்னும் எரிமலை வாய் தோன்றும். 2007ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் ஒரு பெரும் பொங்கல் நிகழ்ந்தது. மலையின் உள்ளிருந்த குழம்பு அடிவாரத்தில் வெளியேறியதால் உச்சி ஆதரவிழந்தது. வாயின் தளம் 300 மீட்டருக்கு மேல் உள்ளே சரிந்து வீழ்ந்தது. கடலை அடைந்த குழம்போ தீவுக்குப் புதிய நிலத்தைச் சேர்த்தது. ஒரே பொங்கல் உச்சியைத் தாழ்த்தியது, கரையை வளர்த்தது.

இம்மலைப் பகுதியில் நெருப்புக்கு நிகராக நீரும் பெய்கின்றது. அதே 2007இல், பிப்பிரவரித் திங்களில் வந்த புயலின்போது, கொமர்சோன் என்னுமிடத்தில் மூன்று நாள்களில் 3,929 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. காரைக்காலில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைப்போல் இரு மடங்கினும் மிகுதி இது!

மலையின் கதையைக் கேட்டோம். இனி மக்களின் கதையைக் கேட்போம்.

1848ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் ரெயூனியன் தீவில் அடிமை முறை ஒழிந்தது. அறுபதாயிரம் பேர் விடுதலை பெற்றனர். முன்னர் அடிமைகளுள் துணிந்தோர் தோட்டத்தை விட்டு ஓடி, அடங்கிய எரிமலையின் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளில் மறைந்து வாழ்ந்தனர். அவர்களுள் ஒருவரான மபாத்தேயின் பெயரை ஒரு பள்ளத்தாக்கு இன்றும் தாங்கி நிற்கின்றது. விடுதலை பெற்றவர் பழைய கரும்புத் தோட்டத்துக்குத் திரும்ப விரும்பவில்லை. தோட்ட முதலாளிகள் கூலியாட்களைத் தேடினர். அவர்கள் பார்வை சோழமண்டலக் கரையில் விழுந்தது.

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் திரட்டும் நிலையங்கள் ஏற்பட்டன. காரைக்காலுக்கு வந்தவர் பெரும்பாலும் காரைக்காலார் அல்லர். சுற்றிலும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த தஞ்சை, திருச்சி மாவட்டங்களின் உழவுத் தொழிலாளர். மேஸ்திரிகள் சிற்றூர்தோறும் சென்று நல்வாக்குக் கூறி அழைத்து வந்தனர். 1861ஆம் ஆண்டு சூலை முதல் நாள் பிரான்சும் பிரிட்டனும் செய்த உடன்படிக்கை, ஆங்கிலேய இந்தியக் குடிகளையும் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்ப வழிவகுத்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் மேஸ்திரியின் வேலையை எளிதாக்கியது. உண்ண ஒரு பிடி சோறு இல்லாதவனுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டுவோர் யார்? படித்தாலும் மறுக்க வலிமை ஏது?

ஆழ்கடலில் நின்ற கப்பலுக்குக் கரையிலிருந்து சலங்குகளில் அவர்களை ஏற்றிச் சென்றனர். ரெயூனியனை அடைய ஒரு திங்களுக்கு மேல். கரீபியத் தீவுகளை அடைய ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மூன்று திங்கள் அளவு. ரெயூனியனில் இறங்கியதும் கிராந்த் சலூப் என்னும் இடத்தில் தனித்து வைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினர். அவ்விடத்தின் கட்டடங்கள் இன்று நினைவுச் சின்னமாகப் பேணப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வாறு ரெயூனியன் சென்ற இந்தியர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அங்கு அவர்கள் பட்ட துன்பம் பற்றிய முறையீடுகள் பெருகவே, 1877இல் இரு நாட்டுக் குழு ஒன்று தீவுக்குச் சென்று ஆராய்ந்தது. 1882இல் ஆங்கில அரசு ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஒப்பந்தம் முடிந்தவர் திரும்பலாம் என்று விதி இருந்தது. திரும்பாதவரே மிகப் பலர்.

கரீபியத் தீவுகளின் கதை இன்னும் உருக்கமானது. 1853ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ‘ஒரேலி’ என்னும் கப்பல் மார்த்தினிக் தீவின் சேன் பியேர் துறையை அடைந்தது. முதன்முதலாக அத்தீவில் 313 இந்தியர் இறங்கினர். அவர்கள் கண்ட சேன் பியேர் தீவின் பெருநகர். அதன் பின்னே பெலே என்னும் பசிய மலை. அம்மலை எரிமலை என்பதை நகரத்தாரே பொருட்படுத்தியதில்லை. 49 ஆண்டுகள் கழிந்து, 1902ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் காலையில் அம்மலை வெடித்தது. வெப்பச் சாம்பலும் வளியும் கலந்த முகில் சரிவில் பாய்ந்து, ஒரு சில நிமிடங்களில் நகரை அழித்தது. இறந்தவர் ஏறத்தாழ 28,000 பேர். முதல் தமிழர் கால் வைத்த துறைமுக நகரம் சாம்பலாயிற்று. அம்மலையின் வடகிழக்குச் சரிவில் உள்ள பாஸ் புவாந்த் என்னும் ஊர்ப்புறத்தில், தோட்டத் தொழிலாளர் வழியினர் எழுப்பிய கோயில் இன்றும் இருக்கின்றது.

ரெயூனியன் மலையும் பெலே மலையும் ஒரே இனத்தவை அல்ல. முன்னதன் குழம்பு இளகியது. ஆறு போல் ஓடும். மனிதன் விலகி நிற்க இடம் கொடுக்கும். பின்னதன் குழம்பு கெட்டியானது. உள்ளே வளி அடைபட்டு, வாய்ப்பு நேர்ந்தபோது வெடிக்கும். சப்பான் நாட்டு எரிமலைகளுள் பல பெலேயின் இனத்தவை. 1991இல் அந்நாட்டின் உன்சென் மலையிலிருந்து பாய்ந்த வெப்ப முகிலில் 43 பேர் மாண்டனர். எரிமலைகளை ஆராய்வதற்கே வாழ்வை ஈந்த மோரிஸ் கிராப்டும் அவர் மனைவி காத்தியாவும் அவர்களுள் இருந்தனர். 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் ஒந்தாக்கே மலை முன்னறிவிப்பின்றி வெடித்து, இலையுதிர்கால அழகைக் காண ஏறியவர்களுள் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. எரிமலையில் ஏறுவோன் மலையின் இனம் அறிந்து ஏற வேண்டும் என்பது இவை தரும் பாடம்.

ரெயூனியனும் இப்பாடத்தைக் கற்றது. 1977ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் குழம்பு வழக்கமான பள்ளத்துக்கு வெளியே வெடித்துக் கிளம்பி, பித்தோன் சேந்த் ரோஸ் என்னும் ஊருக்குள் பாய்ந்தது. மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டதால் உயிரிழப்பு இல்லை. வீடுகள் பல அழிந்தன. ஆனால் ஊரின் மாதா கோயில் வாயிலை அடைந்த குழம்பு, இரு புறமும் சூழ்ந்து அங்கேயே உறைந்து நின்றது. இன்று அக்கோயிலுக்குக் ‘கனற்குழம்பின் அன்னை’ என்னும் பொருளுடைய பெயர் வழங்குகின்றது. இந்நிகழ்ச்சிக்குப் பின், 1979இல் அத்தீவில் எரிமலை ஆய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. மலை நடுங்குவதைக் கருவிகள் உணர்த்தியதும் கணவாயில் உள்ள கதவு மூடப்படும். மலையேறுவோர் திருப்பி அனுப்பப்படுவர். 2010இல் இம்மலைப் பகுதி உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

மூன்றாவது தீவாகிய குவாதலூப்பில் சூப்பிரியேர் என்னும் எரிமலை 1,467 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது. 1976இல் அது சீறியபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊர் விட்டுப் பெயர்ந்தனர். அம்மலையின் கீழ்ப்புறத்தில் கடலை நோக்கி அமைந்த கபெஸ்தேர் என்னும் ஊரில் 1863இல் ஒரு குழந்தை பிறந்தது. ஆன்றி சிதம்பரம் என்பது பெயர். பிரெஞ்சு எழுத்தில் ‘சிதாம்பரோம்’ என்று ஆயிற்று. தீவிலேயே பிறந்தும், வரி செலுத்தியும், இந்தியத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. சிதம்பரம் 1904இல் வழக்குத் தொடுத்தார். பத்தொன்பது ஆண்டுகள் அவர் சளைக்கவில்லை. 1923இல் அவர்களும் பிரெஞ்சுக் குடிமக்களே என்பது ஏற்கப்பட்டது. அவர் ஏறிய மலை சூப்பிரியேரைக் காட்டிலும் உயர்ந்தது என்று கூறினால் அது மிகையாகாது.

இனி, ஜாக்கோப்பின் கதைக்குத் திரும்புவோம். மலைக்கும் கணவாய்க்கும் ஆளுநர் பெயரும் அறிஞர் பெயரும் சூட்டப்பட்டன. வழி கண்டவன் பெயர் இரு நூறு ஆண்டு காத்திருந்தது. தமிழ்த் தொழிலாளரின் பெயர் எந்தச் சிகரத்துக்கும் இடப்படவில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது ஓர் எண். பதிவேட்டில் எண்ணும், அதன் அருகே பிரெஞ்சு எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு எழுதிய பெயரும் இருந்தன. இராமசாமியும் முத்துசாமியும் வீரப்பிள்ளையும் அந்த எழுத்திலே உருமாறி, இன்று அவர்கள் வழித்தோன்றல்களின் குடும்பப் பெயர்களாக வாழ்கின்றனர். வீட்டில் தமிழ் பேசும் வழக்கம் மங்கிற்று. ஆயினும், மாரியம்மனும் பாஞ்சாலியும் அவர்களை விட்டுப் பிரியவில்லை. நோன்பிருந்து, தழல் பரப்பி, தீமிதிக்கும் விழா ரெயூனியன் தீவில் இன்றும் ஆண்டுதோறும் நிகழ்கின்றது. மலை தன் நெருப்பைக் காட்டும் தீவில், மக்கள் தம் ஊரிலிருந்து கொண்டு சென்ற நெருப்பை அணையவிடாமல் காத்து வருகின்றனர்.

மாணவ நண்பர்களே! அரசலாற்றின் முகத்தில் மாலை வேளையில் நீங்கள் உலாவச் செல்வதுண்டு. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் காரைக்காலின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962இல் அம்மாற்றம் சட்டப்படி நிறைவுற்றது. பிரெஞ்சுக் கொடி இறங்கிய கதையை நாம் பள்ளியில் படிக்கின்றோம். அக்கொடியின் கீழ் அதே கரையிலிருந்து சென்றவர்களின் கதையையும் படித்தல் வேண்டும். உங்களுள் ஒருவர் என்றேனும் அந்தக் கனல் மலையில் ஏறி, அந்த விளிம்பில் நிற்கும் பேறு பெறலாம். அப்போது பெல்கோம்ப்பின் பெயரைப் படியுங்கள். ஜாக்கோப்பின் பெயரையும் படியுங்கள். பிறகு மலையின் அடிவாரத்திலே காற்றில் அசையும் கரும்புத் தோட்டங்களை நோக்கி, எங்கும் பொறிக்கப்படாத நம்மவர் பெயர்களையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.